பேத்தியுடன் பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பார்ப்பது எப்படி

முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். ஓர் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டுவிட்டால் அதைத் திருத்தும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் எட்டு வயதுப் பேத்தி, 1984-ஆம் ஆண்டு வெளிவந்த, வண்டிகளாகவும் விமானங்களாகவும் மாறும் எந்திர மனிதர்களின் கதையான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் வட்டுகளை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள், "தாத்தா, இந்த விமானம் இப்போதுதான் நீலமாக இருந்தது. அதற்குள் கறுப்பாகிவிட்டது, பாருங்கள்" என்றாள். செய்தித்தாளை மடித்து வைத்தேன். ஒன்றரை ஆண்டுகளில் 98 பகுதிகளையும் பார்த்து முடித்தோம்.

வீட்டில் ஏழெட்டு வயதுக் குழந்தை இருந்து, அதனுடன் இந்தத் தொடரைப் பார்க்கலாமா என்று யோசிக்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தையைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது பயன்படாது. அதற்கு வழிகாட்டி எதற்கு?

முதலில் கணக்கு. முதல் பருவத்தில் 16 பகுதிகள், இரண்டாவதில் 49, மூன்றாவதில் 30, நான்காவதில் வெறும் 3. முதல் இரண்டையும் கூட்டினால் 65 வரும். வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம் என்று ஒளிபரப்ப அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கை அதுதான். இரண்டாம் பருவத்துக்கும் மூன்றாம் பருவத்துக்கும் நடுவே 1986-இல் ஒரு முழுநீளத் திரைப்படம் வந்தது. அதைப் பார்க்காமல் மூன்றாம் பருவத்துக்குப் போனால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அந்தப் படத்தைக் குழந்தைக்குக் காட்டுவதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் அதில் விழுந்தவன். பிறகு சொல்கிறேன்.

வட்டைப் போடுவதற்கு முன்னால் பொம்மையைக் கையில் எடுங்கள். தொடரில் நல்லவர்களின் தலைவர் ஆப்டிமஸ் பிரைம், லாரியாக மாறுபவர். அவருடைய பழைய பொம்மையின் மறுவெளியீடு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். அதை லாரி வடிவத்தில் நிறுத்தி, முன்கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குட்டி ஆள் உட்காரும் அளவுக்கு அங்கே இடம் இருக்கும். "இது யாருக்கு?" என்று கேளுங்கள். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். என் பேத்தி இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஓட்டுநருக்கு. ஆனால் ஆப்டிமஸ் தன்னைத் தானே ஓட்டிக்கொள்கிறாரே?" என்றாள். தொடரின் பிறப்புக் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஜப்பானில் டகாரா என்ற பொம்மை நிறுவனம் டையக்ளோன் என்ற வரிசையை விற்றுவந்தது. கார்களும் லாரிகளும் எந்திர மனிதர்களாக மாறும். அவை உயிருள்ளவை அல்ல, வெறும் எந்திரங்கள். அவற்றை ஓட்டக் காந்தப் பாதம் கொண்ட, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குட்டி மனிதர்கள் உண்டு. அதே நிறுவனத்தின் இன்னொரு வரிசை மைக்ரோமேன். அதில் கேசட் பிளேயர், கைத்துப்பாக்கி போன்ற பொருள்கள் எந்திர மனிதர்களாக மாறின. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, ஓட்டுநர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, எந்திரங்களே உயிருள்ளவை என்று மாற்றியது. கதை வேண்டுமே? மார்வெல் காமிக்ஸிடம் போனார்கள். ஜிம் ஷூட்டர் கதைச்சட்டத்தை எழுதினார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டென்னி ஓ'நீல். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. ஒரு பொம்மைக் குவியலைப் பார்த்து, "நீ கோபக்காரன், நீ பயந்தாங்கொள்ளி" என்று ஒருவர் எழுதித் தள்ளியிருக்கிறார்.

இது தெரிந்துவிட்டால் தொடரின் பெரிய விடுகதை ஒன்றும் அவிழ்ந்துவிடும். மெகாட்ரான் ஆப்டிமஸுக்குச் சமமான உயரமுள்ள வில்லன். துப்பாக்கியாக மாறும்போது மட்டும் சுருங்கி, தன் கூட்டத்து ஸ்டார்ஸ்க்ரீமின் கைக்குள் அடங்கிவிடுவான். அதே கூட்டத்துச் சவுண்ட்வேவும் அப்படித்தான், கேசட் பிளேயராகச் சுருங்கிவிடுவான். லாரி மட்டும் லாரி அளவிலேயே நிற்கும். குழந்தைகள் இதை விடாமல் கேட்பார்கள். டையக்ளோன் லாரி, பெரிய வண்டியின் சின்ன உருவம். மைக்ரோமேன் கேசட் பிளேயரோ கையில் பிடிக்கிற பொருளாகவே வந்தது. இரண்டு அளவுகோல்களை ஒரே கதைக்குள் போட்டுக் குலுக்கியதன் விளைவு அது. "அப்படியென்றால் கதை எழுதியவர்கள் சமாளித்தார்களா?" என்று கேட்டாள். ஆமாம், அம்மா, சமாளித்தார்கள்.

இப்போது வட்டைப் போடலாம். தொடக்கத்திலுள்ள மூன்று பகுதிகளை அடுத்தடுத்த மூன்று நாள்களில் பாருங்கள். நாற்பது லட்சம் ஆண்டுகள் ஓர் எரிமலைக்குள் உறங்கிய விண்கலம் 1984-இல் விழிக்கிறது. கலத்தின் கணினி முதலில் பழுதுபார்த்து எழுப்புவது கெட்டவன் ஒருவனை. அவன் தன் கூட்டத்தை எழுப்பிக்கொண்டு வெளியேறுகிறான். போகிற போக்கில் ஸ்டார்ஸ்க்ரீம் வீம்புக்காக மலையைச் சுட, அந்த அதிர்ச்சியில் ஆப்டிமஸின் உடல் சரிந்து கணினியின் கதிர் படும் இடத்தில் விழுந்துவிடுகிறது. நல்லவர்கள் எழுந்ததே எதிரியின் வீம்பினால்தான். இந்த இடத்தில் நிறுத்தி, "அவன் சுடாமல் போயிருந்தால்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குமேல் பாடம் நடத்த வேண்டாம்.

பிறகு வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். ஒவ்வொன்றும் இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வரிசை தப்பினாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் முதல் பருவத்தில் எந்திர டைனோசர்கள் அறிமுகமாகும் பகுதியையும், கட்டுமான வண்டிகள் ஆறும் ஒன்றுசேர்ந்து டெவஸ்டேட்டர் ஆகும் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் பருவத்தில் ஆப்டிமஸ் தலைவராவதற்கு முன் ஓரியன் பேக்ஸ் என்ற சாதாரணத் தொழிலாளியாக இருந்ததைச் சொல்லும் 'வார் டான்' என் கணக்கில் தொடரிலேயே சிறந்தது. மற்றவற்றில் பாதி, மெகாட்ரான் ஏதோ ஓர் ஆற்றல் மூலத்தைத் திருடப் போவதும் அடிவாங்கித் திரும்புவதும்தான். குழந்தைக்கு அலுக்காது. உங்களுக்கு அலுக்கும். அதற்குத்தான் நோட்டுப்புத்தகம்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பகுதியின் பெயர். இரண்டாவதில் 'புதுமுகம்', அதாவது இந்தப் பகுதியில் முதன்முறையாக வந்தவர்கள். மூன்றாவதில் 'பிழை'.

புதுமுகப் பத்தி சின்ன வேலைபோலத் தெரியும், ஆனால் இந்தத் தொடரை இயக்கும் சூத்திரம் அங்கேதான் அகப்படும். சில வாரங்களில் குழந்தைக்கே ஒன்று பிடிபடும். புதியவர்கள் தனியாக வருவதில்லை, கும்பலாக வருகிறார்கள். ஐந்து விமானங்கள் ஒரே நாளில் பிறக்கும், ஐந்தும் சேர்ந்து ஒரு பெரிய உருவமாகும். பழையவர்கள் பேச்சில்லாமல் ஓரமாக நிற்பார்கள். "ஏன் தாத்தா பம்பிள்பீ இப்போதெல்லாம் பேசுவதே இல்லை?" என்றாள். கடையில் அந்த ஆண்டு எது அடுக்கப்பட்டிருந்ததோ, அதற்குத்தான் வசனம் என்று சொன்னேன். நாம் பார்ப்பது கதையும்தான், விளம்பரமும்தான் என்பது அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. வருத்தப்படவில்லை. துப்பறிகிற மகிழ்ச்சி வந்துவிட்டது. பகுதி தொடங்குமுன்பே, "இன்றைக்கு எதை விற்கப் போகிறார்கள்?" என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தாள்.

இதன் சட்டப் பின்னணியையும் ஒரு கதைபோலச் சொல்லலாம், பத்து வயதுக்கு மேல் என்றால் கேட்பார்கள். 1969-இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்து அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் வந்தபோது, போட்டிப் பொம்மை நிறுவனம் ஒன்று, "இது முழுவதும் விளம்பரம்" என்று அரசின் தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையமும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கில் எழுதச் சொன்னது. 1980-களில் காற்று மாறியது. 1984-இல் அதே ஆணையம் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கு வைத்திருந்த கட்டுப்பாடுகளைக் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே மேட்டல் என்ற பொம்மை நிறுவனத்தின் ஹீ-மேன் பொம்மைகளுக்கான தொடர் வந்துவிட்டது, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அதே அலையில் வந்தது. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம், வார நாள்களில் பன்னிரண்டு நிமிடம் என்று கட்டுப்படுத்தியது. பொம்மை விற்கும் நிகழ்ச்சியை அது தடை செய்யவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு நடுவே அதே பொம்மையின் விளம்பரம் வரக்கூடாது, வந்தால் மொத்த நிகழ்ச்சியும் விளம்பரமாகக் கணக்கிடப்படும், அவ்வளவுதான்.

இனி என் பத்தி, பிழைப் பத்தி. இந்தத் தொடர் பிழைகளின் கருவூலம். ஜப்பானின் டோய் நிறுவனமும் பிறகு தென்கொரியாவின் ஏகோம் நிறுவனமும் வேகவேகமாக வரைந்து அனுப்பியவை. ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூவரும் ஒரே அச்சில் வார்த்த விமானங்கள், நிறம் மட்டும் வேறு. ஆகவே தூரிகை தவறினால் ஆளே மாறிவிடும். பேத்தி மூன்றாம் நாள் பிடித்தது அதைத்தான். ஒருவர் வாயசைக்க இன்னொருவர் குரல் வரும். கூட்டத்தில் ஒருவரே இரண்டு இடத்தில் நிற்பார். மூன்றாம் பருவத்தின் 'கார்னேஜ் இன் சி-மைனர்' இந்த வகையில் பெயர்போனது. அன்றைக்கு எங்கள் நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. விதி ஒன்றே ஒன்று: பிழையைக் கண்டவர் கத்தக்கூடாது, கையைத் தூக்க வேண்டும், பகுதி முடிந்தபின் பின்னோட்டிச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத பிழை பிழையே அல்ல என்று என் முதல் மேலாளர் சொல்வார். அவள் முதல் மாதம் கத்தினாள், பிறகு பழகிவிட்டாள்.

பிழைபோலத் தோன்றிப் பிழையாக இராதவையும் உண்டு. ஜெட்ஃபயர் என்று பெட்டியில் அச்சடித்த விமானம் திரையில் ஸ்கைஃபயர் என்று வரும், உருவமும் ஒத்துப்போகாது. நான் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டேன். விசாரித்தால், அந்தப் பொம்மையின் அச்சு டகாராவுடையதே அல்ல. டகடோகு என்ற வேறொரு ஜப்பானிய நிறுவனம் மக்ராஸ் என்ற வேறொரு கார்ட்டூன் தொடரின் விமானத்துக்காகச் செய்தது. அதனால்தான் திரையில் பெயரையும் தோற்றத்தையும் மாற்றினார்கள். அயர்ன்ஹைட் பொம்மைக்குத் தலையே கிடையாது, வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முக ஒட்டுப்படம் மட்டும்தான். ஓட்டுநர் உட்காரும் வண்டிக்குத் தலை எதற்கு என்று ஜப்பானில் நினைத்திருப்பார்கள். கார்ட்டூனுக்கு வரைந்தவர்கள்தான் தலை வைத்துக் கொடுத்தார்கள்.

பெண் குழந்தையுடன் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள். இரண்டாம் பருவத்தில் 'தி சர்ச் ஃபார் ஆல்ஃபா டிரையான்' என்ற பகுதியில் எலிட்டா ஒன் தலைமையில் பெண் வீரர்கள் வருவார்கள். என் பேத்தி எழுந்து நின்றுவிட்டாள். பகுதி முடிந்ததும் புதுமுகப் பத்தியில் எல்லார் பெயரையும் எழுதிவிட்டு, "இவர்களில் யாரை வாங்கலாம்?" என்றாள். யாரையும் வாங்க முடிந்திருக்காது. அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பொம்மையே வரவில்லை. திரைப்படத்தில் அறிமுகமாகி மூன்றாம் பருவம் முழுக்க வந்த ஆர்சிக்கும் அந்த வரிசையில் பொம்மை இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் இவர்கள் மட்டும்தான் விளம்பரத்துக்காக வரவில்லை" என்றாள். எனக்குத் தோன்றாத வாதம் அது. அட்டையில் அவளே எலிட்டா ஒன்னை வெட்டிச் செய்தோம். பழைய பொம்மைப் பெட்டிகளின் பின்புறம் வலிமை, அறிவு, வேகம், துணிவு என்று எட்டுக் குணங்களுக்கு மதிப்பெண் வரைபடம் இருக்கும், சிவப்பு நெகிழித்தாளை வைத்துப் பார்த்தால்தான் படிக்க முடியும். அதேபோல் எலிட்டாவுக்கும் ஒன்று எழுதினாள். எட்டிலும் பத்துக்குப் பத்து. நான் திருத்தவில்லை.

இனி அந்தத் திரைப்படம்.

ஆப்டிமஸ் பிரைம் இறந்துவிடுவார். படத்தின் முதல் பாதியிலேயே, நீண்ட சண்டைக்குப் பிறகு, நண்பர்கள் சுற்றி நிற்க, சிவப்பும் நீலமும் வடிந்து உடல் சாம்பல் நிறமாகி, தலை ஒருபக்கம் சாயும். அதற்கு முன்பே அயர்ன்ஹைட், ராட்செட், பிரவுல், பிரான் நால்வரும் ஒரு விண்கலத்தில் கொல்லப்பட்டிருப்பார்கள், கண் மூடித் திறப்பதற்குள். எனக்கு இது எதுவும் தெரியாது. படம்தானே என்று போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். விசும்பல் கேட்டுத்தான் விழித்தேன். பேத்தி திரைக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். "அவர் எழுந்துவிடுவார்தானே, தாத்தா?" என்றாள். நான், "எழுந்துவிடுவார்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எழவில்லை. நான்கு நாள் அவள் அந்தப் பொம்மையைத் தொடவில்லை, என்னிடம் சரியாகப் பேசவுமில்லை. செத்துப்போனதைவிட நான் பொய் சொன்னதுதான் அவளுக்கு ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

எனவே இப்படிச் செய்யுங்கள். படம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே, பகல் நேரத்தில், சாதாரணக் குரலில், "இதில் ஆப்டிமஸ் இறந்துவிடுகிறார்" என்று சொல்லிவிடுங்கள். சுவை கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். "பிறகு திரும்பி வருகிறார், ஆனால் ரொம்ப நாள் கழித்து" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அது உண்மை. பார்க்க வேண்டாம் என்று குழந்தை சொன்னால் படத்தின் கதையை வாயால் சொல்லிவிட்டு மூன்றாம் பருவத்துக்குப் போய்விடலாம். பார்க்கலாம் என்றால் இரவில் போடாதீர்கள், அந்தக் காட்சியின்போது பக்கத்தில் இருங்கள், விழித்திருங்கள். ஓரிரு ஆங்கில வசைச் சொற்களும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

காரணத்தை அன்றைக்கே விளக்காதீர்கள். அழுகிற குழந்தையிடம் வணிகம் பேசுவது அழகல்ல. ஒரு வாரம் போகட்டும். பிறகு நோட்டை எடுத்து, படத்தில் இறந்தவர்கள் பட்டியலையும் புதுமுகங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இறந்தவர்கள் 1984, 1985-இல் கடைக்கு வந்தவர்கள். புதியவர்கள் 1986-இன் சரக்கு. பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை அடுக்கியிருக்கிறார்கள். குழந்தைகள் ஓர் எந்திர மனிதனுக்காக இத்தனை அழுவார்கள் என்று நிறுவனம் எதிர்பார்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது. அதே ஹாஸ்ப்ரோவின் போர்வீரர் பொம்மை வரிசையான ஜி.ஐ. ஜோவின் படத்தில் டியூக் என்ற வீரரும் இறப்பதாக இருந்தது. அவசரமாக வசனத்தைச் சேர்த்து, அவர் மயக்க நிலையில்தான் இருக்கிறார் என்று மாற்றிவிட்டார்கள். பேத்திக்கு இது மிகவும் பிடித்த செய்தி. "நாங்கள் அழுததால்தான் அவர் பிழைத்தார்" என்று, தானும் 1986-இல் அழுதவள்போலச் சொல்வாள்.

ஆப்டிமஸுக்காக ஏன் இவ்வளவு அழுதார்கள் என்றால், அவருக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லனைக் கேளுங்கள். கல்லன் நடிப்புத் தேர்வுக்குப் போகும்போது, வியட்நாம் போரில் இருந்து வந்த அவருடைய அண்ணன், வீரன் என்றால் கத்தாதே, மென்மையாக இருக்கும் அளவுக்கு வலிமையோடு இரு என்ற பொருளில் அறிவுரை சொல்லி அனுப்பியதாகக் கல்லன் பலமுறை சொல்லியிருக்கிறார். என் பேத்தி ஆப்டிமஸை 'அவர்' என்பாள், மெகாட்ரானை 'அவன்' என்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் பருவத்தில் ஒரு கண்ணிவெடி. 'டார்க் அவேக்கனிங்' என்ற பகுதியில் ஆப்டிமஸ் திரும்பி வருவதுபோல் இருக்கும். எதிரிகள் அவர் உடலை நடைபிணமாக ஆட்டி அனுப்பியிருப்பார்கள், கடைசியில் மறுபடியும் இறப்பார். படத்துக்கு அழுத குழந்தைக்கு இதை உடனே காட்டுவது வதை. தாண்டிப்போய், பருவத்தின் இறுதியில் இரண்டு பகுதிகளாக வரும் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஆப்டிமஸ் பிரைம்' பார்ப்பதற்கு முதல் நாள் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அவர் கண் விழிக்கும் இடத்தில் நான் பேத்தியின் பக்கம் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, நான் விழித்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் பருவத்தின் மூன்று பகுதிகளை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். அவசர அவசரமாக முடித்த கதை, புதுமுகப் பத்தி வழிந்து ஓரங்களில் எழுத வேண்டிவரும். 1987-இன் புதுச் சரக்கு என்னவென்றால், கவசம் அணிந்த சிறிய மனிதர்கள் மடங்கி எந்திர மனிதர்களின் தலைகளாக மாறுவது. ஆர்சிக்கு ஒரு சிறுவன் தலையாகிறான். பேத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஆப்டிமஸ் லாரியை எடுத்து வந்தாள். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் விரல் நுனியை வைத்து, "தாத்தா, ஓட்டுநரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்" என்றாள்.

நான் பின்னோட்டிச் சரிபார்த்தேன். சரிதான்.